வீங்கிய கையும் கட்டுப்போடும் கையும்

நிணநீர் என்ற சொல்லை வானொலியில் சொல்லும்போதெல்லாம் அதற்கு ஒரு விளக்கமும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரத்தக் கொதிப்பு, இனிப்புநீர், சிறுநீரகம் என்றால் நேயர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நிணநீரை நம்மில் பெரும்பாலோர் தமிழில் படித்ததே இல்லை. இடைநிலைப் பள்ளியில் மலாயில் 'லிம்ஃபா' என்றோ ஆங்கிலத்தில் 'லிம்ஃப்' என்றோ வந்து, தேர்வு முடிந்ததும் மறந்துபோன பாடம் அது. வீட்டில் புழங்கும் பெயர் இல்லாத ஒன்று உடம்பில் பழுதுபட்டால், அதைப் பற்றிப் பேசவும் வராது. மருத்துவரிடம் கேட்கவும் வராது. "கை கொஞ்சம் வீங்கியிருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

கிள்ளானில் இருக்கும் என் பெரியம்மா வீட்டில் ஓராண்டுக்கு மேல் அந்த ஒரு வாக்கியம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மலேசியப் பெண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். பெரியம்மாவுக்கு அது 2021-இல் வலது பக்கத்தில் வந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சு. எல்லாம் நல்லபடியாக முடிந்து, கோயிலில் அர்ச்சனையும் செய்தாகிவிட்டது. மறு ஆண்டு தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன் வலது கை மோதிரம் இறுகத் தொடங்கியது. அடுத்து வளையல். பிறகு ரவிக்கைக் கை. தையற்காரம்மா வலது கையை மட்டும் ஓர் அங்குலம் விட்டுத் தைத்துக் கொடுத்தார். யாரும் அதை ஒரு நோயாக நினைக்கவில்லை.

ஆலோசனைகளுக்கு மட்டும் குறைவில்லை. தண்ணீரைக் குறைத்துக் குடி என்றார் ஒருவர். கையை அசைக்காமல் ஓய்வாக வை என்றார் இன்னொருவர். உருவி விடும் பாட்டி ஒருவர் நல்லெண்ணெய் போட்டு அழுத்தி உருவியதில், மறுநாள் கை இன்னும் பருத்தது. வீட்டுக்கு அருகில் இருந்த ஒரு கிளினிக்கில் "ஆபரேஷன் செய்த கை அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி நீர் மாத்திரை கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர், "யானைக்கால் மாதிரி இருக்கே" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து பெரியம்மா வெளியே போனால் முந்தானையை வலது கை மேல் போர்த்திக்கொள்வார். கோயில் பஜனைக் குழுவில் இருபது வருடமாகத் தாளம் போட்டவர், வெள்ளிக்கிழமைகளில் ஏதோ ஒரு காரணம் சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டார்.

புற்றுநோய் வந்தபோது கூட அவர் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

உடம்பின் இன்னொரு சாலை

நம் உடம்பில் இரத்தக் குழாய்களிலிருந்து நீரும் புரதமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திசுக்களுக்குள் கசிந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் எஞ்சுவதைச் சேகரித்து, கழுத்தெலும்புக்குக் கீழே உள்ள பெரிய சிரைகள் வழியாக மறுபடியும் இரத்தத்தில் சேர்ப்பது நிணநீர்க் குழாய்களின் வேலை. வழியில் இருக்கும் முடிச்சுகள் கிருமிகளை வடிகட்டுகின்றன. இரத்தத்தைத் தள்ள இருதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படி ஒரு பம்பு இல்லை. குழாய்களின் மெல்லிய சுருக்கம், நாம் கைகால் அசைக்கும்போது தசை கொடுக்கும் அழுத்தம், மூச்சு இழுத்து விடுவது ஆகியவைதாம் அதை நகர்த்துகின்றன. ஆகவே கையை அசைக்காமல் வைத்திருந்தால் வீக்கம் குறையும் என்று நினைப்பது தவறு. அசைவுதான் அதற்கு இயந்திரம்.

போக்குவரத்துச் செய்தி வாசிப்பவள் என்பதால் எனக்கு இது கூட்டரசு நெடுஞ்சாலையாகவே தெரிகிறது. அறுவையில் முடிச்சுகளை எடுப்பது சில சந்திப்புகளை நிரந்தரமாக மூடுவது போல. கதிர்வீச்சினால் வரும் தழும்பு, மிச்சமிருக்கும் வழிகளையும் குறுக்கிவிடலாம். வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். போக வழி இருக்காது. தேங்கும் புரதம் மேலும் நீரை இழுக்கும். தொடக்கத்தில் விரலால் அழுத்தினால் குழி விழும் மென்மையான வீக்கம், காலப்போக்கில் கொழுப்பும் நாரும் சேர்ந்து கெட்டியாகிவிடும். கெட்டியான பிறகு குறைப்பது கடினம். சீக்கிரம் போக வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான். நீர் மாத்திரை உடம்பில் உள்ள நீரைச் சிறுநீராக வெளியேற்றும். தேங்கிய புரதத்தை அது ஒன்றும் செய்யாது. அதனால் இந்த வீக்கத்துக்கு அது மருந்தல்ல.

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்தக் கை வீக்கம் வரலாம் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அக்குள் முடிச்சுகளை மொத்தமாக எடுத்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறையில் அது வெகுவாகக் குறைகிறது. உடல் பருமனும் ஆபத்தைக் கூட்டுகிறது. அறுவை முடிந்து சில மாதங்களிலும் வரலாம், பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். கருப்பை வாய்ப் புற்றுநோய் போன்றவற்றுக்காகத் தொடை இடுக்கு, இடுப்புப் பகுதி முடிச்சுகளை எடுத்தவர்களுக்குக் கால் வீங்கும். சிலருக்குப் பிறவியிலேயே குழாய்கள் சரியாக அமைவதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன யானைக்காலும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கொசு வழியாக வரும் ஒரு புழு நிணநீர்க் குழாய்களைச் சிதைப்பதால் அது வருகிறது. பெரியம்மாவுக்கு வந்தது சிகிச்சையின் பின்விளைவு. இதில் புழுவும் இல்லை, கொசுவும் இல்லை, யாருக்கும் தொற்றாது. இதை அவரிடம் உட்கார்ந்து விளக்கியபோது, "அப்போ பேத்தியைத் தூக்கலாமா?" என்று கேட்டார். ஓராண்டாக மனத்தில் என்ன வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

நாடாவும் நான்கு வழிகளும்

நிகழ்ச்சி ஒன்றுக்காகப் பேசிய மருத்துவர் ஒருவர் மூலம்தான் இதற்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகள் இருப்பது தெரிந்தது. புற்றுநோய் மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்கினோம். புற்றுநோய் திரும்பவில்லை, இரத்தக் கட்டி இல்லை, இருதயமும் சிறுநீரகமும் நன்றாக இருக்கின்றன என்று முதலில் உறுதி செய்தார்கள். அது முக்கியம். வீங்கிய கை எல்லாமே நிணநீர் வீக்கம் அல்ல.

சிகிச்சை அளித்தவர் இளம் மலாய்ப் பெண். முதல் நாள் பெரியம்மாவின் இரண்டு கைகளையும் மணிக்கட்டிலிருந்து மேலே குறிப்பிட்ட இடைவெளிகளில் நாடாவால் அளந்து எழுதிக்கொண்டார். விரலின் அடியில் தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்த்தார். தோலை மடித்துக் கிள்ள முடியாவிட்டால் அது நிணநீர் வீக்கத்தின் அடையாளம். முன்கையில் இரண்டு கைகளுக்கும் ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தது.

இது முழுமையாகக் குணமாகும் நோயல்ல, ஆனால் கட்டுக்குள் வைத்திருக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பெரியம்மாவின் முகம் வாடியது. இருந்தாலும் அந்த நேர்மை பின்னால் உதவியது. மூன்று வாரத்தில் மாயம் நடக்கும் என்று நம்பிப் போயிருந்தால், நான்காவது வாரம் விட்டிருப்பார்.

சிகிச்சையில் நான்கு பகுதிகள்: கையால் மென்மையாக நிணநீரை வழிநடத்துவது, அழுத்தக் கட்டு, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு. முதலாவதை 1930-களில் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர், எஸ்ட்ரிட் வோடர் தம்பதியர் உருவாக்கினார்கள். பிறகு ஜெர்மனியில் மிக்கேல் ஃபோல்டி, எத்தெல் ஃபோல்டி தம்பதியர் நான்கையும் ஒரே சிகிச்சையாக இணைத்தார்கள். இரண்டு இடத்திலும் கணவன் மனைவி சேர்ந்து செய்த வேலை என்பதைப் படித்தபோது எனக்குப் பெரியப்பா நினைவுதான் வந்தது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கையால் செய்வதை மசாஜ் என்று நினைத்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். தோலை மட்டும் லேசாக இழுத்து விடும் அளவுக்குத்தான் அழுத்தம். தொடங்குவதும் வீங்கிய கையில் அல்ல. கழுத்து, நல்ல பக்கத்து அக்குள், நெஞ்சு என்று தொடங்கிக் கடைசியில்தான் கைக்கு வருகிறார்கள். நெரிசலில் முன்னால் நிற்கும் வண்டி நகர்ந்தால்தானே பின்னால் இருப்பது நகரும்? பாட்டி எண்ணெய் போட்டு உருவியதில் கை ஏன் பருத்தது என்பதும் அப்போது விளங்கியது. பலமாக அழுத்தினால் அந்தப் பகுதிக்கு இரத்த ஓட்டம் கூடி, ஏற்கெனவே வழியில்லாத இடத்துக்கு இன்னும் நீர் வந்து சேரும்.

பெரியப்பா கற்றுக்கொண்ட கட்டு

நான்கில் முதுகெலும்பு அழுத்தக் கட்டுதான். விளையாட்டில் கால் சுளுக்கினால் சுற்றும் எலாஸ்டிக் துணி இதற்கு உதவாது. அதிகம் நீளாத தனி வகைத் துணி வேண்டும். கை ஓய்வாக இருக்கும்போது அது மெதுவாகத்தான் அழுத்தும். கையை அசைத்தால், தசை உப்பி அந்த உறுதியான துணியில் மோத, உள்ளே இருக்கும் நீர் மேல்நோக்கித் தள்ளப்படும். விரல்களுக்கு மெல்லிய துணி, அதன் மேல் பஞ்சு அடுக்கு, அதற்கும் மேல் இரண்டு மூன்று சுருள்கள். விரல் நுனிப் பக்கம் அழுத்தம் அதிகமாகவும் தோள் பக்கம் போகப் போகக் குறைவாகவும் இருக்க வேண்டும்.

முதல் கட்டம் மூன்று வாரம். வாரத்தில் ஐந்து நாள் போய்வர வேண்டும். கட்டு கிட்டத்தட்ட நாள் முழுவதும் கையில் இருக்கும். சனி, ஞாயிறு யார் கட்டுவது? ஒரு கையால் மறு கைக்குக் கட்டுவது சிரமம். பெரியம்மாவின் மகள் ஜொகூரில் வேலை செய்கிறார். எனக்கு அதிகாலை ஒலிபரப்பு. சிகிச்சையாளர் அறையின் மூலையில் கார்ச் சாவியோடு உட்கார்ந்திருந்த பெரியப்பாவைப் பார்த்து, "அங்கிள், வாங்க, நீங்கள் கட்டுங்கள்" என்று மலாயில் கூப்பிட்டார்.

பெரியப்பா முப்பது ஆண்டுகள் துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவர். சரக்கின் மேல் கயிறு போட்டு இழுத்துக் கட்டிப் பழகிய கை. முதல் நாள் அதே பலத்தோடு இழுத்துவிட்டார். பெரியம்மாவின் விரல்கள் நிறம் மாறின. "பெலான்-பெலான், அங்கிள்" என்று சிகிச்சையாளர் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டச் சொன்னார். இழுப்பதால் அழுத்தம் வரக் கூடாது, அடுக்குவதால் வர வேண்டும் என்று விளக்கினார். விரல் மரத்தாலோ, நீலமானாலோ, வலித்தாலோ உடனே அவிழ்த்துவிட வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் மற்றவர் முன்னிலையில் மனைவியின் கையைத் தொடுவதில்லை. பெரியம்மாவுக்கு ஒரே கூச்சம். "விடுங்க, நானே பார்த்துக்கிறேன்" என்றார். பெரியப்பா பதில் சொல்லவில்லை. துணியை முழங்காலில் வைத்து இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டார், கற்றுக்கொடுத்தபடியே. மூன்றாம் முயற்சியில் சுருக்கமில்லாமல் முழங்கை வரை வந்துவிட்டார். அந்த வார இறுதியில் நான் போனபோது, தொலைக்காட்சியில் செய்தி ஓட, அவர் வாய்க்குள் அடுக்குகளை எண்ணியபடி கட்டிக்கொண்டிருந்தார். பெரியம்மா அவருக்கு வாகாகக் கையை நீட்டியிருந்தார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. வழக்கமாகவும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து முன்கை வித்தியாசம் ஐந்திலிருந்து இரண்டரை சென்டிமீட்டருக்கு வந்தது. அதன் பிறகு அளவெடுத்து வாங்கிய அழுத்த உறை. காலையில் போட்டு இரவில் கழற்ற வேண்டும். நம் ஊர் வெயிலில் அது புழுங்கும், அரிக்கும், விலையும் மலிவல்ல. துவைத்து மாற்ற இரண்டு வேண்டும்; நாளடைவில் இழுவை தளர்ந்துவிடுவதால் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வாங்க வேண்டும். மருத்துவச் செலவு என்றதும் அறுவையை மட்டும் கணக்கில் வைக்கும் குடும்பங்கள் இதையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

தூக்கலாமா, கூடாதா?

அறுவை செய்த கையால் கனமான எதையும் தூக்கவே கூடாது என்று பல காலம் சொல்லிவந்தார்கள். 2009-இல் அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர் நிணநீர் வீக்கம் உள்ள 141 பெண்களிடம் நடத்திய ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. மேற்பார்வையில், மிகக் குறைந்த எடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. அது திடீரென்று மோசமாகும் நிலையும் அவர்களிடம் குறைவாகவே இருந்தது. முக்கியமானது 'படிப்படியாக' என்ற சொல். ஒரே நாளில் பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தூக்குவது வேறு விஷயம்.

பெரியம்மாவுக்குக் கொடுத்த பயிற்சிகள் எளியவை. உறையோடு கையை மூடித் திறப்பது, முழங்கையை மடக்குவது, தோளைச் சுழற்றுவது, வயிறு உப்ப ஆழ்ந்து மூச்சிழுப்பது, பிறகு அரைக் கிலோ எடை. அவர் எடைக்குப் பதில் மினரல் தண்ணீர்ப் போத்தலை வைத்துக்கொண்டார்.

அந்தக் கையில் ஊசி போடக் கூடாது, இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, விமானத்தில் போகக் கூடாது என்ற பயமும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்களைக் கவனித்து 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இவற்றுக்கும் கை வீங்குவதற்கும் தொடர்பு தெரியவில்லை. முடிந்தவரை மறு கையைக் கொடுப்பதில் தவறில்லை. அதற்காக ஒரு பெண் தன் மகனைப் பார்க்க விமானம் ஏறாமலே இருந்துவிட வேண்டியதில்லை. உங்கள் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மீன் முள்ளும் காய்ச்சலும்

நான்காவது பகுதியான தோல் பராமரிப்பைத்தான் எல்லாரும் இலேசாக எடுத்துக்கொள்கிறார்கள். உறை போடத் தொடங்கி ஐந்து மாதம் இருக்கும். பெரியம்மா மீன் ஆயும்போது வலது கை விரலில் முள் குத்தியது. மாலையில் விரல் சிவந்தது. இரவு பத்து மணிக்குள் சிவப்பு முன்கை வரை ஏறி, கை கொதித்து, உடம்பு நடுங்கியது. நிணநீர் தேங்கிய இடத்தில் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் குறைவு. சின்னக் காயம் வழியாக நுழைந்த கிருமி வேகமாகப் பரவும். பெரியப்பா காலை வரை காத்திருக்கவில்லை. இப்படி வந்தால் கட்டை அவிழ்த்துவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று சிகிச்சையாளர் சொல்லி வைத்திருந்தது அவருக்கு நினைவிருந்தது. மூன்று நாள் மருத்துவமனையில் ஊசி வழியாக நோய்க்கொல்லி மருந்து ஏற்றினார்கள். ஒவ்வொரு முறை இப்படித் தொற்று வரும்போதும் மிச்சமிருக்கும் நிணநீர்க் குழாய்கள் மேலும் சேதமாகும் என்பதால், வராமல் தடுப்பதுதான் சிகிச்சை.

இப்போது அந்த வீட்டுச் சமையலறையில் ரப்பர் கையுறை தொங்குகிறது. குளித்ததும் நன்றாகத் துடைத்து வாசனையில்லாத ஈரப்பசைக் கிரீம் தடவிக்கொள்கிறார். கொசு கடித்தால் சொறிவதில்லை. மீன் ஆய்வது பெரியப்பாவின் வேலை. அவர் ஆயும் மீனில் செதில் இருக்கிறது என்ற புகார் தினமும் உண்டு.

கை பழையபடி ஆகவில்லை. ஆகாது. வெயில் நாள்களில் கனக்கிறது, பயணம் போனால் கொஞ்சம் உப்புகிறது, உறையைப் போடச் சோம்பலாக இருக்கும் நாள்களும் இருக்கின்றன. ஆனால் பேத்தியைத் தூக்குகிறார். வெள்ளிக்கிழமைகளில் உறை தெரியத் தெரியவே உட்கார்ந்து தாளம் போடுகிறார். பஜனைக் குழுவில் ஒரு பெண், தன் அக்காவுக்கும் கால் இப்படி வீங்கியிருக்கிறது, எங்கே போக வேண்டும் என்று அவரிடம் விசாரித்தாராம்.

அந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் இருக்கலாம். மார்பகம், கருப்பை, கருப்பை வாய் என்று எந்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவராக இருந்தாலும், மோதிரம் இறுகுவது, செருப்பு ஒரு காலுக்கு மட்டும் பிடிப்பது, கை கனப்பது ஆகியவற்றைக் கவனியுங்கள். அறுவைக்கு முன்பே இரண்டு கைகளையும் அளந்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு ஒப்பிட அதுதான் உதவும். வீக்கம் திடீரென்று வந்து வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ அது வேறு பிரச்சினை. அவசரப் பிரிவுக்குப் போங்கள். பிசியோதெரபிஸ்டிடம் போகும்போது முறையாகப் பதிவு பெற்றவரா, நிணநீர் வீக்கத்துக்குத் தனிப் பயிற்சி பெற்றவரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மருத்துவமனையில் "கை வீங்கியிருக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "இது லிம்ஃபெடிமாவாக இருக்குமா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பெயரைச் சொன்னால் அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்புவார்கள். கூடப் போகிறவர் கார் ஓட்டுவதற்காக மட்டும் போகாமல், கட்டுப்போடக் கற்றுக்கொள்ளவும் தயாராகப் போகட்டும்.